சிக்கன் செவப்பா இல்லேன்னா என்ன இப்போ?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொன்னமராவதி கடைத்தெருப் பக்கம் ஒரு நடை போங்க. தள்ளுவண்டியில எண்ணெய் கொதிக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள செக்கச்செவேல்னு சிக்கன் குவிஞ்சு கிடக்கும். 100 கிராம், 200 கிராம்னு இலையில வாங்கித் தின்னு பழகின புள்ளைங்க, வீட்டுல அம்மா பொரிச்சு வச்சதும் முதல்ல சொல்றது என்ன தெரியுமா? "அய்யே, இது பிரவுனா இருக்கு!"

அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே பல வீடுகள்ல கேசரிப் பவுடர் டப்பா அடுப்படிக்கு வந்துருது. கேட்டா "ஒரு சிட்டிகை தானேங்க" அப்படிங்கறாங்க. மக்களே, என் கட்சி இதுதான்: அந்த ஒரு சிட்டிகையும் வேணாம். மாத்த வேண்டியது சிக்கனோட நிறத்தை இல்ல, நம்ம கண்ணை.

கேசரிப் பவுடர்ல இருக்கறது சன்செட் யெல்லோ மாதிரி செயற்கை நிறமிகள். இனிப்பு, ஐஸ்கிரீம் மாதிரி சிலதுல கிலோவுக்கு 100 மில்லிகிராம்னு அளவு வச்சு நம்ம உணவுச் சட்டம் விடுது. பொரிச்ச கறியில அதுவும் கிடையாது. கர்நாடகாவுல 2024ல கபாப் மாதிரிகள் 39 எடுத்துச் சோதிச்சாங்க. 8ல செயற்கை நிறம். அந்த ஜூன் மாசமே அரசாங்கம் கபாப்ல கலர் போடத் தடை போட்டுச்சு. கடைக்காரன் போட்டா குத்தம், நாம போட்டா பாசமா? ஒரு நாள் தின்னா ஒண்ணும் ஆயிடாதுதான். ஆனா வாராவாரம் நம்ம கையாலயே, அளவே இல்லாம, அதுவும் சின்னப் புள்ளைங்களுக்கு எதுக்குப் போடணும்?

சரி, பிரவுன் ஏன் வருது? கொதிக்கிற எண்ணெய் 170 டிகிரிக்கு மேல இருக்கும். அந்தச் சூட்டுல கறியில உள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும். வாசனையும் ருசியும் அங்கதான் பிறக்குது. மிளகாய்த்தூளும் கருஞ்சிவப்பாத்தான் மாறும். அத்தனை சூட்டுல வெந்தும் ஆரஞ்சு கலர் அப்படியே மின்னுச்சுன்னா, சந்தேகம் அதுமேலதான் வரணும்.

ஒரு சின்ன வேலை செஞ்சு பாருங்க. கடைத் துண்டு ஒண்ணை ஒரு டம்ளர் தண்ணியில போடுங்க. செயற்கைக் கலர் தண்ணியில கரையற சரக்கு, தண்ணி மளமளன்னு ஆரஞ்சாயிடும். மிளகாயோட சிவப்பு எண்ணெயில கரையறது, மேல எண்ணெயோட மிதக்கும். இது ஆய்வுக்கூடச் சோதனை இல்ல, ஆனா புள்ளைங்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடையாது.

சிவப்பு வேணும்னா நம்ம பக்கத்துலயே வழி இருக்கே! உப்புக்கறிக்கு எந்தப் பவுடர் போட்டாங்க? வரமிளகாயும் சின்ன வெங்காயமும் பூண்டும்தானே. பொரிக்கறதுக்கும் அதே புத்திதான்.

அரைக்கிலோ கோழிக்கு என் கணக்கு: காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 ஸ்பூன், மஞ்சள் கொஞ்சம், இஞ்சி பூண்டு விழுது 1 ஸ்பூன், கெட்டித் தயிர் 2 ஸ்பூன், உப்பு, அரை எலுமிச்சை. கறியில தண்ணி சொட்டக்கூடாது. 2 மணி நேரம் ஊறட்டும். பொரிக்கப் போறப்ப அரிசி மாவு 2 ஸ்பூன், சோள மாவு 2 ஸ்பூன், ஒரு முட்டை வெள்ளைக்கரு. மொறுமொறுப்பு அரிசி மாவுலதான் இருக்கு, மைதாவுல இல்ல.

கடலை எண்ணெயில மிதமான தீயில 6, 7 நிமிஷம் வேகவிட்டு எடுத்து வச்சிருங்க. 5 நிமிஷம் ஆறட்டும். உள்ள இருக்கற ஈரம் அதுக்குள்ள மேல வந்துரும். அப்புறம் நல்லாக் காய்ஞ்ச எண்ணெயில ஒரு நிமிஷம் மறுபடியும் போட்டு எடுங்க. கடைசியா ஒரு கொத்து கருவேப்பிலை. சத்தம் கேக்கும் பாருங்க!

கலர் ஆசையோட கூடப் பிறந்தது இன்னொண்ணு இருக்கு, "கேஎஃப்சி மாதிரியே வேணும்"ங்கற ஆசை. 11 மசாலா ரகசியம்னு சொல்லுவாங்க. ஆனா கர்னல் சாண்டர்ஸ் கடையோட பெரிய சூட்சுமம் அழுத்தத்துல பொரிக்கிறது. அதைக் கேட்டுட்டு வீட்டுக் குக்கர்ல எண்ணெய் ஊத்தி மூடி போடறவங்களும் இருக்காங்க. தயவுசெஞ்சு வேணாங்க! நம்ம குக்கரும் அதோட கேஸ்கட்டும் தண்ணி கொதிக்கற சூட்டுக்குச் செஞ்சது. கொதிக்கிற எண்ணெய் பீறிட்டு அடிச்சா அடுப்புத் தீயோட சேர்ந்து வீடே பத்திக்கும். அவங்க மெஷின் அதுக்குன்னே செஞ்சது.

கடை ருசி கடையில இருக்கட்டும். எப்பவாவது ஆசைக்குத் தின்னுக்கலாம். வீட்டுச் சிக்கன் வீட்டுச் சிக்கனா இருந்தாப் போதும். "பிரவுனா இருக்கு"ன்னு புள்ளை சொன்னா, "ஆமாடா, வெந்திருக்கு"ன்னு சொல்லுங்க :-)

டிஸ்கி: பொரிச்ச எண்ணெயை வடிகட்டி வச்சு அடுத்த ஞாயிறும் அதுலயே பொரிக்கறவங்களுக்குத் தனியா ஒரு பதிவு இருக்கு. உங்க வீட்டுப் பக்குவம் வேற மாதிரின்னா பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க, காத்திருக்கேன்.