கூரை ஒப்பந்தத்துக்கு ஒரு வரி போதுமா?

மழைக்காலம் நெருங்கினால் நம் குடியிருப்புகளில் கூரைக் குத்தகையாளர்களின் துண்டறிக்கைகள் வாயிற்கதவில் செருகப்படுகின்றன. பழைய வரிசை வீடுகளில் ஓடுகள் விரிசல் கண்டும் மரச்சட்டங்கள் கறையானுக்கு இரையாகியும் கிடப்பதால் தேவை உண்மையானதே. ஆனால், பெற்றோர் சிலர் என்னிடம் காட்டிய தாள்களில் இருந்தது, "கூரை மாற்றம், முழுமையாக" என்ற ஒரு வரியும் அதன் எதிரே ஒரு தொகையும் மட்டுமே. இதனை ஒப்பந்தம் என ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

"முழுமை" என்பது எது? ஓடு மட்டுமா, அடியிலுள்ள சட்டமும் வெப்பத்தடுப்புத் தாளும் சேர்ந்தா? கழற்றிய ஓடுகளை அகற்றும் லாரிக் கூலி யாருடையது? உலோகத் தகடு என்றால் தடிப்பை எழுத்தில் பெற வேண்டும். அதிலும் எஃகின் தடிப்பு வேறு, பூச்சு சேர்ந்த தடிப்பு வேறு. 0.42 மில்லிமீட்டர் எஃகு, பூச்சுடன் ஏறத்தாழ 0.47 ஆகிவிடும். எது என்று கேளாமல் இரண்டு குத்தகையாளர்களின் விலையை ஒப்பிடுவது வீண்வேலை. (கேள்வியைச் சரியாகப் படி என்று மாணவரிடம் நாள்தோறும் சொல்பவர்கள் நாம்தானே!)

உத்தரவாதத்தையும் ஊன்றிப் படிக்க வேண்டும். வரிசை வீடுகளில் அண்டை வீட்டுச் சுவரைக் கூரை தொடும் இடம் எளிதில் ஒழுகும். அந்த இணைப்புத் தகடும் உத்தரவாதத்தில் அடங்குமா? வேலை நடக்கையில் மழை புகுந்து மின்கம்பியும் மேற்பலகையும் கெட்டால் யார் பொறுப்பு? இவை எழுதப்படாத "பத்தாண்டு உத்தரவாதம்" வெறும் அலங்காரச் சொல்.

பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொருள் வந்திறங்கியபின் ஒரு பகுதி, பழைய கூரை கழன்றபின் ஒரு பகுதி எனப் பிரித்து, இறுதிப் பங்கை ஒரு கனமழை கண்டபின் தருவதே முறை. நேர்மையான குத்தகையாளர் இதற்குச் சினம் கொள்ளார்.

கையெழுத்திடுமுன், குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் (சி.ஐ.டி.பி.) பதிந்தவரா என்று இணையத்தில் பார்க்கலாம். பிணக்கு எழுந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இன்றியே கொண்டுசெல்லலாம். ஆனால் தீர்ப்பாயத்தின் முன் அந்த ஒற்றை வரித் தாளை நீட்டினால், எதை நிறைவேற்றவில்லை என்று காட்டப் போகிறோம்?