பேசாத நோயாளி

வளர்ந்தோர் நோய்களைப் பயின்ற மருத்துவ மாணவன் குழந்தை நோய்ப் பிரிவிற் புகுந்ததும் திகைக்கின்றான். நிமிடத்துக்கு 40 முறை மூச்சு வாங்குதல் வளர்ந்தவருக்கு ஆபத்து. பிறந்த சிசுவுக்கோ அது இயல்பு. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, அதன்பின் ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 என்பனவே அபாய எல்லைகள். குழந்தை, உருவிற் சிறுத்த மனிதனன்று.

எண்களை நூலிற் கற்கலாம். அழும் மதலையின் நெஞ்சொலியைக் கேட்பதெங்ஙனம்? தாய்மடியில் அமைதியாயிருக்கையிலேயே மூச்சை எண்ணி, நெஞ்சொலி கேட்டு, தொண்டையையும் காதையும் இறுதியிற் பார்த்தல் வேண்டும். மாணவர் பலர் கட்டிலைச் சூழ்ந்து நின்றால் அவ்வமைதி ஏது?

நோயை எடுத்துரைப்பவளும் தாயே. "பிள்ளைக்கு மாந்தம், பால் குடிக்குதில்லை" என்கிறாள். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்கும் மாணவன் முன்னதைக் கேட்டு நகைத்துப் பின்னதையும் தவறவிடுதல் கூடும். பால் மறுத்தலோ சிசுவின் கடுநோய்க்கு முதன்மையான அறிகுறிகளுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் சாமுவேல் கிறீனிடம் தமிழிலேயே மருத்துவம் பயின்றோருக்கு இத்தடை இருந்திராது.

தாயின் சொல்லை மதியாதவன் பரீட்சையிற் சித்தியெய்தலாம். குழந்தையைக் காத்தல் அரிது. எமது வகுப்பறைகளிலிருந்தே மருத்துவபீடம் செல்லும் பிள்ளைகளுக்குப் புள்ளிகளோடு, பிறர் சொல்லுக்குச் செவிகொடுக்கும் பண்பையும் ஊட்டி அனுப்புதல் ஆசிரியராகிய எமக்கும் பெற்றோருக்கும் உரிய கடன் என்போம்.