கூரையை அறுத்தால் கோடி! பழைய பெராரி காரில் பலே கோல்மால்

ரத்தச் சிவப்பு நிறம். முகம் பார்க்கிற பளபளப்பு. சாவியைத் திருகினால் புலி உறுமுவது போல் சத்தம். வயது ஐம்பதைத் தாண்டிய கிழட்டு கார்தான். ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும்!

இத்தாலி நாட்டு பெராரி கம்பெனியின் "டேட்டோனா" கார் அது. 1968-ல் பாரிஸ் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். 12 சிலிண்டர் என்ஜின். கூரை வைத்த கார்கள் ஆயிரத்துக்கு மேல் செய்தார்கள். கூரை இல்லாமல், துணியால் மூடுகிற "ஸ்பைடர்" வகை மட்டும் சுமார் 120-தான்.

சரக்கு குறைந்தால் விலை ஏறும். கோயம்பேட்டில் வெங்காயத்துக்கு என்ன கதையோ, அதே கதைதான் பெராரிக்கும். கூரை வைத்த காருக்குக் கிடைக்கிற விலையைப் போல் பல மடங்கு, கூரை இல்லாத காருக்கு ஏலத்தில் கிடைக்கிறது.

அப்புறம் என்ன? பட்டறைகளில் ரம்பத்தை எடுத்தார்கள். கூரையை அறுத்தார்கள். துணியைத் தைத்து மாட்டினார்கள். கூரை போச்சு, விலை ஏறிச்சு!

அறுத்தது மட்டுமே மோசடி ஆகிவிடாது.  "இது அறுத்த கார்" என்று சொல்லி விற்றால் தகராறே இல்லை. அதை மறைத்து, தொழிற்சாலையில் பிறந்தபோதே இப்படித்தான் என்று சாதித்து விற்கும்போதுதான் வியாபாரம் மோசடி ஆகிறது.

டி.வி.யில் ஓடிய டூப்பு

1984 முதல் 1989 வரை அமெரிக்க டி.வி.யில் "மயாமி வைஸ்" என்ற துப்பறியும் தொடர் சக்கைப்போடு போட்டது. கதாநாயகன் கருப்பு டேட்டோனாவில் பறந்து பறந்து திருடர்களைப் பிடிப்பார். விஷயம் என்னவென்றால், திருடனைப் பிடித்த காரே டூப்பு! அடியில் இருந்தது ஷெவர்லே கார்வெட். மேலே ஒட்டியதுதான் பெராரி உருவம். பெராரி கம்பெனி கொதித்துப் போய், டூப்பு செய்தவர் மீது வழக்குப் போட்டது. பிறகு அதே தொடருக்கு அசல் கார்களை அதுவே கொடுத்தது.

2019 ஜூலையில் பிரேசில் நாட்டு இட்டாஜாய் நகரில் போலீசார் ஒரு பட்டறையில் புகுந்தார்கள். உள்ளே பாதி செய்த நிலையில் எட்டு கார்கள். பெராரியும் லம்போர்கினியும் சுடச்சுடத் தயாராகிக்கொண்டு இருந்தன. அப்பனும் மகனும் சேர்ந்து நடத்திய தொழில். ஒரு கார் 45 ஆயிரம் டாலர் முதல் 60 ஆயிரம் டாலர் வரை. அசல் லம்போர்கினி அந்த விலைக்குக் கிடைக்காது என்று வாங்கியவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் வாங்கியவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. பக்கத்து வீட்டுக்காரனை ஏமாற்ற விரும்பிய ஆசாமிகள் அவர்கள்.

பரிதாபத்துக்கு உரியவர் வேறு ஒருவர். அசல் விலையை முழுசாக எண்ணிக் கொடுத்துவிட்டு, போலியை வீட்டுக்கு ஓட்டி வருகிறவர்.

நம்பருக்குத்தான் விலை

பழைய காரில் இரும்புக்கு விலை இல்லை. சேசிஸில் குத்திய நம்பருக்குத்தான் விலை. எந்த நம்பர் கார் எந்த வருஷம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது, என்ன நிறம், எந்த என்ஜின் என்பதற்கெல்லாம் கம்பெனியில் பதிவு உண்டு. காரில் உள்ள என்ஜின் நம்பரும் அந்தப் பதிவும் பொருந்தினால் ஒரு விலை. பொருந்தாவிட்டால் விலை சரிந்துவிடும்.

தில்லுமுல்லுக்காரர் கை வைப்பதும் அங்கேதான். பழைய நம்பரை அரத்தால் ராவி எடுப்பார். புது நம்பரைக் குத்துவார். விபத்தில் எரிந்து போன காரின் காகிதத்தை மட்டும் விலைக்கு வாங்கி, வேறு ஒரு உடலுக்கு அந்த நம்பரை ஏற்றுவார். ஒரே நம்பரில் இரண்டு கார் நின்ற கூத்தும் நடந்ததுண்டு. துருப்பிடித்த இடத்தில் பட்டி பூசி, மேலே நாலு கோட்டிங் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டிங்கரிங் பட்டறைக்காரர் விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் வாங்குகிறவர் அவரை அழைத்துப் போனால்தானே? கோட்டு சூட்டு போட்ட நண்பரை அழைத்துப் போகிறார்!

கடையில் வாய்ஜாலம் வேறு. "ஒரே ஓனர் சார். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பார்." "நாளைக்கு துபாய் பார்ட்டி வர்றார். இன்னிக்கே அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு." பழைய ஸ்கூட்டர் வாங்கப் போனவரும் கேட்ட வசனம்தான் இது. ஸ்கூட்டருக்கு இருபதாயிரம், பெராரிக்குப் பல கோடி. வசனம் மாறவில்லை.

இன்னொரு வித்தையும் உண்டு. கடையில் நிற்கிற கார் கடைக்காரருடையதே அல்ல. யாரோ ஒருவர் "வித்துக் குடுங்க" என்று விட்டுப் போனது. பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சொந்தக்காரருக்குக் காசு கொடுக்காமல் டிமிக்கி கொடுப்பார். கடைசியில் கார் யாருக்கு என்று வாங்கியவரும் விட்டுப் போனவரும் கோர்ட்டில் அடித்துக்கொள்வார்கள். ஆசாமி அம்போ!

திருட்டு காருக்கு ஏலம்

கில்லாடிகளும் சிக்கியிருக்கிறார்கள். 1954-ல் பெராரி ஐந்தே ஐந்து செய்த "375 பிளஸ்" பந்தய காரில் ஒன்றை, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்துக்காரர் ஒருவர் 1958-ல் வாங்கினார். கார் வீட்டிலே பழுதாகிக் கிடந்தது. 1980-களின் கடைசியில் அது திருடு போச்சு! கடல் தாண்டி பெல்ஜியம் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை வாங்கியவர் காரைப் பற்றி அறியாதவரா? பெராரி கார்களையே இறக்குமதி செய்து விற்றவர், முன்னாள் பந்தய வீரர். காரைப் புதுப்பித்து நிறுத்தினார். ஓஹாயோக்காரர் கையில் மிஞ்சியது காரின் உரிமைப் பத்திரமும் சில பாகங்களும்தான்.

வழக்கு, சமரசம், மறுபடி வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. 2014 ஜூனில் இங்கிலாந்தில் ஏலம் விட்டபோது ஒரு கோடி பவுனுக்கு மேல் போனது. அதோடு முடிந்ததா? இல்லை. ஏலத்தில் எடுத்தவரும் லண்டன் கோர்ட்டுப் படி ஏறினார். உரிமையே சிக்கலில் இருக்கிறது என்பது அவருடைய புகார்.

இந்தியச் சட்டமும் இதில் கறார். 1930-ம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவைப் பாருங்கள். விற்கிறவருக்கு இல்லாத உரிமை வாங்குகிறவருக்கு வராது. சில விதிவிலக்கு உண்டு. ஆனால் பொதுவில், திருட்டு கார் என்று தெரிந்தால் காரும் போகும், கொடுத்த பணமும் போகும்.

பணக்காரன் பணம்தானே?

"கோடீஸ்வரன் ஏமாந்தா நமக்கென்ன?" என்று பஸ்சில் தொங்கிக்கொண்டு வருகிறவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆள் மாறாட்டம் செய்த நம்பருக்கு ஏழை பணக்காரன் என்ற பேதம் தெரியாது. தவணையில் பழைய மாருதி வாங்குகிற குமாஸ்தாவுக்கும் ராவிய நம்பர்தான் கிடைக்கும். கோடீஸ்வரர் வக்கீல் வைத்து பத்து வருஷம் இழுப்பார். குமாஸ்தா போலீஸ் ஸ்டேஷனில் கார் மழையில் நனைவதைப் பார்த்துக்கொண்டே தவணை கட்டுவார்.

பெரிய இடத்தில் ஏமாந்தவர் வாயைத் திறக்காததும் ஒரு காரணம். மானம் போகும் என்று ஒரு பயம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே என்று இன்னொரு பயம். கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அடுத்த வாரமே அடுத்த ஆளுக்கு வலை விரிக்கிறார்.

இனி இங்கேயும் வலை விரியும். முன்பு 1950-க்கு முன் செய்த கார்களுக்குத்தான் எளிதாக வழி இருந்தது. 2025-ல் விதி தளர்ந்தது. 50 வயது தாண்டிய காரைத் தனி லைசென்ஸ் இல்லாமல் கொண்டு வரலாம். டேட்டோனாவும் அந்தக் கணக்கில் வந்துவிட்டது. சுங்க வரி மட்டும் கார் விலையை மிஞ்சும். வந்த பிறகும் ஆபீசுக்கு ஓட்டிப் போக முடியாது. 2021-ல் வந்த விதிப்படி புதிதாகப் பதிவு செய்ய 20 ஆயிரம் ரூபாய். நம்பர் பலகையில் "வி.ஏ." என்ற எழுத்து. கண்காட்சி, ராலி, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம்.

வரியைத் தப்பிக்கக் குறுக்கு வழி காட்டுகிறவர்களும் வருவார்கள். 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத் துறை அதிரடிச் சோதனை நடத்தியது. பூட்டான் வழியாக வந்து, போலிக் காகிதத்தில் பதிவானவை என்று சொல்லி 30-க்கு மேற்பட்ட கார்களைப் பிடித்தது. சினிமா நட்சத்திரங்கள் வீட்டுக்கும் அதிகாரிகள் போனார்கள். காகிதத்தை நம்பி வாங்கியவர்களும் பதில் சொல்ல வேண்டிய நிலை.

பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு விதி இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். கைக்கு வந்த வண்டி பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த வண்டி எப்போது, எதற்காக வெளியே போனது என்று பதிவேடு வைக்க வேண்டும். நல்ல விதி. அதைக் கடைக்குக் கடை போய்ப் பார்ப்பது அதிகாரிகளின் வேலை. புகார் வந்தால் பார்ப்போம் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வண்டி அதற்குள் நாலு கை மாறிவிடும்.

வாங்கப் போகிறவரும் ஒரு வார்த்தை கேட்கலாம். சுவரில் சாமி படம் இருக்கும். வெளிநாட்டுக் கார் படம் இருக்கும். முதலாளி யாரோ பிரமுகருடன் நிற்கிற படம் இருக்கும். சான்றிதழ் எங்கே என்று கேட்டால், "புதுப்பிக்கக் கொடுத்திருக்கு சார், அடுத்த வாரம் வந்துடும். முதல்ல காபி சாப்பிடுங்க!"