செம்மணலும் செவ்விலையும்

மேலைநாட்டு நாட்காட்டிகளிலும் திரைப்படங்களிலும் ஒரு காட்சியை மாணவர் பலரும் கண்டிருப்பீர்கள். வானளாவி நிற்கும் செம்பாறைச் சுவர்கள். அவற்றினிடையே வளைந்தோடும் சிற்றாறு. ஆற்றின் இருமருங்கும் பொன்னிற இலை செறிந்த மரங்கள். அமெரிக்க நாட்டில், யூட்டா மாநிலத்திலுள்ள சீயோன் பள்ளத்தாக்கு அத்தகையது. பண்டைப் பாலைவனத்திற் காற்றுக் குவித்த மணல் மேடுகளே, பலகோடி ஆண்டுகளில் இறுகி மணற்பாறையாயின. அப்பாறையை வர்ஜின் என்னும் ஆறு சிறிது சிறிதாக அறுத்தது. அறுத்த வழியின் இருபுறமும் இன்று 600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய சுவர்கள் நிற்கின்றன. ஐப்பசித் திங்களில் ஆங்குள்ள மரங்கள் மஞ்சள் நிறம் பூண்டு இலையுதிர்க்கும்.

இக்காட்சியைக் கண்டு வியத்தல் தகும். ஆயின், 'நம் நாட்டில் இத்தகைய அழகு இல்லையே' என்று ஏங்குதல் தகாது. அவ்வேக்கம், நம் ஊரை நாம் நோக்காமையால் விளைவது.

மண்டைக்காட்டினின்று கடலோரமாகக் கிழக்கே செல்க. மணவாளக்குறிச்சியைத் தாண்டி, வள்ளியாற்றைக் கடந்து, கடியப்பட்டணத்தின் வழியே முட்டத்தை அடையலாம். அங்கே கடலை அடுத்துச் செம்மணல் மேடுகள் விரிந்து கிடக்கும். மழைநீர் அவற்றை ஓடை ஓடையாக அரித்துள்ளது. சில ஓடைகளில் இறங்கி நின்றால் இருபுறமும் சிவந்த மண்சுவர். தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையார் இத்தகைய நிலத்தைத் 'தேரி' என்பர். காற்றுக் கொணர்ந்த மணலின் ஒவ்வொரு துகளையும் இரும்பின் துரு மெல்லிய போர்வைபோற் போர்த்தியிருப்பதே இச்செந்நிறத்திற்குக் காரணம். சீயோன் பாறையைச் சிவக்க வைத்ததும் அவ்விரும்பே. காற்று, மணல், இரும்பு, நீர் என்னும் நான்கும் ஈரிடத்தும் ஒன்றே. சென்ற காலமே வேறு.

இனி, மரங்களைப் பார்ப்போம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறாக வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் 'இலையுதிர் காலம்' என்றொரு பெயர் இல்லை. அஃது அயல்நாட்டுப் பருவத்திற்கு நாம் அண்மையில் ஆக்கிக்கொண்ட சொல். ஆயினும் நம் மரங்களும் இலை உதிர்க்கவே செய்கின்றன. குளிர்நாட்டு மரம், பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது இலையைத் துறக்கும். நம் நாட்டு மரமோ, வேனிலில் நீரைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் துறக்கும். நாட்டு வாதுமையை நோக்குக. கடலோர ஊர்களிற் குடைபோல் அடுக்கடுக்காகக் கிளை பரப்பி நிற்பது இம்மரம். மண்டைக்காட்டில் மாசிக் கொடைக்கு மக்கள் திரளும் பருவத்தை ஒட்டி, இதன் அகன்ற இலைகள் மஞ்சளும் செம்மையும் கலந்து, பின்னர்க் குருதி நிறங்கொண்டு விழும். பச்சையம் சிதைய, முன்பே உள்ளிருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. செந்நிறமோ இலை முதிரும்போது புதிதாகத் தோன்றுவது.

குளிர்நாட்டில் இலை உதிர்வதற்கும் தளிர் தோன்றுவதற்கும் இடையே திங்கள் பல கழியும். இங்கோ வேம்பும் அரசும் பழுத்த இலையைக் கொட்டிய சில நாட்களிலேயே செப்பு நிறத் தளிரை நீட்டுகின்றன. முதுமையும் இளமையும் ஒரே கிளையில் ஒரே நிறத்தில் விளங்கும் இவ்வழகு சீயோனில் இல்லை!

மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். தொல்காப்பியர் பாலைத்திணைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிமையாக்கியதோடு, பின்பனியும் அதற்கு உரியது என்றார். மரம் இலை சிவந்து உதிரும் திங்களைப் பாலையோடு சேர்த்தெண்ணிய அந்நுட்பம் எண்ணி மகிழ்தற்குரியது. பாலை என்பது தனி நிலமன்று; முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் விளக்கினார். முட்டத்தில் நாம் காண்பது நெய்தலை அடுத்ததொரு பாலைத் தோற்றம் என்பேன். இரு பருவமழையும் பெறும் மாவட்டத்திற் பாலை ஏது என இலக்கணம் கற்றார் வினவலாம். நீர் நில்லாத அச்செம்மணலில், பனையும் உடையும் கொல்லாமரமும் ஒன்றுக்கொன்று எட்ட நிற்பதை நண்பகலிற் கண்டோர் அவ்வாறு வினவார்.

அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்கள் பாலைத்திணையின. நூலிற் சரிபாதி! மருதத்தின் வயலுக்கும் நெய்தலின் கடலுக்கும் கொடாத இடத்தை வறண்ட நிலத்திற்குக் கொடுத்த மரபில் வந்த நாம், அத்தகைய நிலத்தைக் கண்டால் 'வெற்றுக்காடு' என்கிறோம். 'ஒன்றுக்கும் உதவாத மண்' என்கிறோம். ஒரு நிலத்தை உதவாதது என்று பெயரிட்டுவிட்டால், அதனை வெட்டி எடுத்துச் செல்லுதற்கு யார் மனமும் கூசுவதில்லை. இச்சொல்லைத்தான் நான் அஞ்சுகிறேன். 1956 ஆம் ஆண்டு சாய்னர், ஆல்சின் என்னும் ஆய்வாளர் இருவர் திருநெல்வேலித் தேரிகளிற் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினர். உழவும் இரும்பும் அறியாத மாந்தர் அங்கே வாழ்ந்து வேட்டையாடினர் என்பது அதனாற் புலனாயிற்று. உதவாத மண்ணில் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்?

1909 ஆம் ஆண்டு இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. அவ்வாண்டு சூலைத் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டாஃப்ட், சீயோன் பள்ளத்தாக்கைக் காக்கப்படவேண்டிய இடமாக அறிவித்தார். 1919இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அதே 1909இல், ஷோம்பெர்க் என்னும் செருமானிய வேதியியலார் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டு என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். இங்கிருந்து சென்ற கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலே அவருக்கு வழிகாட்டிற்று என்பர். அதிலுள்ள தோரியம் அக்காலத்து வாயுவிளக்குகளின் ஒளிவலைக்கு வேண்டியிருந்தது. அங்கே அழகுக்குக் காவல் பிறந்தது. இங்கே மணலுக்கு விலை பிறந்தது. கனிமம் எடுத்தலே தீது என்று நான் சொல்லவில்லை. நாட்டிற்கு அதுவும் வேண்டும். விலை கண்ட நாம் அழகையும் காணவேண்டும் என்பதே என் கருத்து.

சீயோனுக்கும் முட்டத்திற்கும் உள்ள வேறுபாடு ஒன்றை மறத்தலாகாது. அது பாறை, இஃது இன்னும் பாறையாகாத மணல். கைவிரலாற் கீறினால் உதிரும். சுவரிற் பெயர் செதுக்கும் ஓர் இளைஞன், மழை பல ஆண்டுகள் செய்த வேலையை ஒரு நாழிகையிற் கெடுத்துவிடுவான். மண்வாரி இயந்திரம் ஒன்று நுழைந்தால் ஒரு கிழமையில் மேடே இராது. ஆதலின், இச்செம்மண் ஓடைகளிற் சிறந்த பகுதியையேனும் எல்லையிட்டு, வெட்டுதலும் வாருதலும் இன்றிக் காத்தல் வேண்டும். பள்ளிகள் சுற்றுலாவிற்குத் தொலைவிடங்களைத் தேடுமுன், மாசித் திங்களில் ஒரு பிற்பகல் மாணவரை ஆங்கு அழைத்துச் செல்லலாம். மாலை வெயில் சாய்வாகப் படும்போதே அம்மண்ணின் நிறம் முழுதும் தெரியும். போகும் வழியில் விழுந்து கிடக்கும் வாதுமை இலை ஒன்றை எடுத்துச் சென்று, அச்சுவரருகே பிடித்துப் பார்க்கலாம்.