முடித்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள்

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் எனக்கு ஒரு பயம் வந்துவிடும். யாராவது ஒரு நண்பர் பட்டியல் போடுவார். இந்த வருஷம் படித்தவை 72 புத்தகங்கள், அடுத்த வருஷ இலக்கு 100. கீழே கைதட்டல்கள், வாழ்த்துகள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, மறுபடியும் பை நிறைய. போன வருஷம் அப்படிப் பட்டியல் போட்ட ஒருவரிடம் அதில் பதினான்காவதாக இருந்த நாவலைப் பற்றிக் கேட்டேன். "நல்லா இருந்துச்சு பாஸ், கொஞ்சம் ஸ்லோ" என்றார். அவ்வளவுதான். அறுநூறு பக்கங்களுக்கு ஐந்தே வார்த்தை.

அவரைக் கிண்டல் செய்யும் தகுதி எனக்கு இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். பதினான்கு வயதில், கோடை விடுமுறையில், 'சிவகாமியின் சபத'த்தை ஐந்து நாளில் முடித்தவன் நான். நான்கு பாகங்கள், இருநூற்றுச் சொச்சம் அத்தியாயங்கள். தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இருபது வருஷம் கழித்து யோசித்தால் மிஞ்சியவை மூன்றுதான்: புலிகேசியும் நாகநந்தியும் ஒரே ஜாடை, சிவகாமி சபதம் போட்டாள், கடைசியில் வாதாபி எரிந்தது. ஒரு நாவலைப் படித்து அதன் கதைச்சுருக்கத்தைச் சம்பாதித்திருக்கிறேன்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் வேகத்துக்கு மரியாதை அதிகம். ஆனால் அங்கேகூட, "இந்த மாசம் நாற்பது மாட்யூல் படிச்சேன்" என்று எவனும் பீற்றிக்கொள்வதில்லை. "சரி, அது ஏன் உடையுது, சொல்லு" என்று கேட்பார்கள். அடுத்தவன் எழுதிய கோடைப் புரிந்துகொள்ள ஒரே வழி டீபக்கரைப் போட்டு வரிவரியாக நகர்வதுதான். ஒரு வரியில் நிற்க வேண்டும். இந்த இடத்தில் இந்த மதிப்பு ஏன் மாறியது என்று பார்க்க வேண்டும். யாரோ ஒருவருடைய பில்லிங் கோடுக்குக் கொடுக்கும் இந்த மரியாதையை கல்கிக்கும் டால்ஸ்டாய்க்கும் நாம் கொடுப்பதில்லை. இது எனக்கு அசிங்கமாகப் பட்டது.

போன ஜூனில் மறுபடி ஆரம்பித்தேன். விதிகள் இரண்டு. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம்தான், அது எவ்வளவு பதற்றமான இடத்தில் முடிந்தாலும் அடுத்ததைத் திறக்கக் கூடாது. படித்ததைப் பற்றி அன்றைக்கே நோட்டில் நான்கு வரி எழுத வேண்டும். காலையில் செங்கல்பட்டில் ரயில் ஏறினால் கிண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். கொளவாய் ஏரி தாண்டும்போது புத்தகத்தைத் திறப்பேன், மறைமலை நகருக்குள் அத்தியாயம் முடிந்துவிடும். மிச்ச தூரம் முழுக்க ஜன்னலும் நோட்டும்தான். இரவில் அதே அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை, எழுத்து கலங்குகிறது. ஒரு காலத்தில் பத்திரிகையில் மறுபடி தொடராக வந்தபோது வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர் அவர். அந்த பைண்டுதான் என் கையில் இருந்தது.

முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. இந்த நாவல் வேகமாகப் படிப்பதற்கு என்று எழுதப்பட்டதே இல்லை. 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் ஏறக்குறைய இரண்டரை வருஷம் வந்த தொடர் இது. வாரத்துக்கு ஒன்றிரண்டு அத்தியாயம். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு முடிச்சில் நிற்கும். அந்த முடிச்சை ஒரு வாரம் வாசகரே சுமந்து திரிய வேண்டும், அடுக்களையில், திண்ணையில், ஆபீஸில். நாம் பக்கத்தைப் புரட்டி ஐந்து விநாடியில் அவிழ்த்துவிட்டு, "கல்கி சஸ்பென்ஸ் வைக்கிறார், ஜனரஞ்சகம்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். காத்திருந்தவருக்கு அது கேள்வியாக இருந்தது. காத்திராத நமக்கு அது தூண்டில் மட்டும்தான்.

அந்த வாசகர்கள் எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்பதையும் யோசியுங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பீதியில் சென்னை நகரமே காலியானது. ரயில் ரயிலாக ஜனம் ஊருக்கு ஓடியது. அது நடந்து இரண்டு வருஷம் ஆவதற்குள், காஞ்சி நோக்கிப் படை வருகிறது என்று ஒரு கதை தொடங்குகிறது. அடுத்து முற்றுகை. உலகப் போர் முடிந்த 1945இல் தொடர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடைபட்ட கோட்டைக்குள் இருக்கும் காஞ்சிக்காரரின் பயம் அவர்களுக்கு ஏழாம் நூற்றாண்டு விஷயமாக இருந்திருக்காது. வாரத்துக்கு வாரம் விடப்பட்ட இடைவெளியில் அவர்களுடைய சொந்த வாழ்க்கை நாவலுக்குள் வந்து போயிருக்கும். மெதுவாகப் படிப்பதில் கிடைப்பதும் இதுதான். நம் நாட்கள் புத்தகத்துக்குள் கசிய வேண்டும். ஒரே மூச்சில் படிப்பவனுக்கு அந்தக் கசிவுக்கு நேரமே இல்லை.

அடுத்து, நாவல் என்னை வீட்டை விட்டு வெளியே தள்ளியது. மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கதை மனதில் பிறந்ததாகக் கல்கி முன்னுரையில் சொல்கிறார். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். எத்தனையோ தடவை போயிருக்கிறேன், மீன் வறுவல் சாப்பிட. இந்தத் தடவை அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இரண்டு பேர் சொல்லும் அந்தப் பெரிய பாறைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றேன். கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் யானைக்கு முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் போனார்கள். யானையின் பக்கத்தில் ஒரு பூனை கையைத் தூக்கி நின்று தவம் செய்கிறது, அதைச் சுற்றி எலிகள். மேலே முனிவரின் தவம், கீழே பூனையின் பாசாங்கு. ஒரே பாறையில் பக்தியும் கிண்டலும். என் முப்பது சொச்சம் வயசில் அன்றைக்குத்தான் அந்தப் பூனையைப் பார்த்தேன்.

அதோடு நிற்கவில்லை. அந்தக் கோயில்களைச் செதுக்கியது யார் என்று தேடினால் அதிலேயே சண்டை இருக்கிறது. நரசிம்மவர்மன் என்ற மாமல்லன் காலம் என்பது பழைய கருத்து. 1962இல் இரா. நாகசாமி எல்லாமே ராஜசிம்மன் காலத்தவை என்று வாதிட்டார், பலர் அதை ஏற்கவில்லை. அவர் சொன்னது சரி என்றால் ஆயனர் உளி பிடித்த காலமே ஆட்டம் காண்கிறது. என் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. தூணில் அவனுடைய பட்டப்பெயர்கள், அதைக் குடைவித்த கந்தசேனன் என்பவனின் பெயர் தமிழிலேயே. இத்தனை வருஷம் அதே ஊரில் இருந்துகொண்டு நான் போனதில்லை. ஐந்து நாளில் நாவலை முடித்தவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வாதாபித் தெருக்களில் ஆட மறுத்தால் சிறைப்பட்ட தமிழர்களுக்குச் சவுக்கடி. அதற்காகச் சிவகாமி நாற்சந்திகளில் ஆடுகிறாள். பிறகு மாமல்லன் ரகசியமாக வந்து கூப்பிட்டபோது போக மறுக்கிறாள்: இந்த ஊர் எரிந்த பிறகுதான் வருவேன் என்கிறாள். பதினான்கு வயதில் எனக்கு வெறும் எரிச்சல்தான். "போயேன்மா, கதை முடியட்டும்." இந்தத் தடவை அந்த அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்துவிட்டு அதையேதான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "போயிருந்தா கத முடிஞ்சிருக்கும்டா. அவளுக்குப் பட்டது முடிஞ்சிருக்குமா?" என்றார்.

மூன்றாம் பாகம் முடிந்து நான்காம் பாகம் திறக்கும்போது ஒன்பது வருஷம் ஓடிவிட்டிருக்கும். நமக்கு அது ஒரு பக்கம் புரட்டல். நான் ஒன்பது நாள் புத்தகத்தைத் தொடவில்லை, வருஷத்துக்கு ஒரு நாள் என்று. நான்காவது நாளே அம்மா கத்தினார். "என்னடா பண்ற, அவ அங்க தனியா கெடக்கிறா." ஒன்பது நாளே தாங்கவில்லை. அந்தப் பெண் ஒன்பது வருஷம் அங்கே இருந்தாள், இங்கே அவனுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தைகளும் பிறந்தாயிற்று. அதன் பிறகு வாதாபி எரிந்தபோது என்னால் விசிலடிக்க முடியவில்லை. சின்ன வயசில் அடித்தேன், நம்ம ஆள் ஜெயிச்சான் என்று. இப்போது அந்த ஊரின் தெருக்கள் எனக்குத் தெரிந்திருந்தன, மாதக்கணக்கில் அங்கே இருந்திருக்கிறேன். ஜெயித்துத் திரும்பிய பரஞ்சோதி ஏன் வாளைக் கீழே வைத்துவிட்டுச் சிறுத்தொண்டர் ஆனார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

என் வாதம் இதுதான். வேகமாகப் படிப்பவனுக்கு நாவல் ஒரு கட்சியைக் கொடுக்கிறது. மெதுவாகப் படிப்பவனுக்கு அது சந்தேகத்தைக் கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் பத்து விநாடியில் கட்சி எடுக்கப் பழகிவிட்ட நமக்கு இந்த இரண்டாவது பயிற்சி அவசரமாகத் தேவை.

என்ன எதிர்ப்பு வரும் என்று தெரியும். "நேரம் இல்லை." ஓர் அத்தியாயத்துக்குப் பதினைந்து நிமிஷம். உங்கள் ஃபோன் ஸ்கிரீன் டைமை நீங்களே பாருங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. "கல்கியெல்லாம் இவ்வளவு தாங்குவாரா?" சில இடங்களில் தாங்க மாட்டார்தான். மாறுவேஷங்களும் முகஜாடைத் தந்திரமும் மெதுவாகப் படிக்கும்போது பல்லிளிக்கின்றன. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். குறையை இடம் சுட்டிச் சொல்வது விமர்சனம், படிக்காமல் உதட்டைப் பிதுக்குவது பந்தா. கல்கி வேண்டாமா, 'போரும் அமைதியும்' எடுங்கள். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார். 361 அத்தியாயங்கள், ஏறக்குறைய ஒரு வருஷம்.

ஒரு எச்சரிக்கை. மெதுவாகப் படிப்பதையும் ஃபேஷனாக்கிவிடாதீர்கள். ஃபில்டர் காபி, மெழுகுவர்த்தி, பக்கத்தில் திறந்த புத்தகம், ஒரு ஃபோட்டோ. அதுவும் 72இன் தம்பிதான். அந்த நான்கு வரி எழுதவில்லை என்றால் மெதுவாகப் படித்தும் பிரயோஜனம் இல்லை. எல்லாப் புத்தகத்தையும் இப்படிப் படிக்கவும் முடியாது. பஸ்ஸில் ஒரு க்ரைம் நாவலை ஒரே மூச்சில் முடிப்பது தனி சுகம், அதை நான் விடப்போவதில்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு பெரிய நாவலையாவது அதன் நடையில் படியுங்கள், போதும்.

ஜனவரியில் கடைசி அத்தியாயம் வந்தது. வாசித்து முடித்து பைண்டை மூடினேன். "முடிஞ்சிடுச்சும்மா" என்றேன். "எங்க முடிஞ்சுது? நாளைக்கு முதல்ல இருந்து ஆரம்பி" என்றார் அம்மா. இந்த வருஷப் பட்டியல் போட்டால் என்னுடையதில் ஒரு புத்தகம்தான் இருக்கும். அதையும் முடித்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.