கிளவுட் பில்லிங் மென்பொருளின் வேகத்தைக் கடை மேசையில் அளக்க வேண்டும்: எலவனாசூர்கோட்டை வணிகர்களின் நிலைப்பாடு

எலவனாசூர்கோட்டையில் மளிகை, உரம், விதை, இரும்பு, சிமெண்ட், தானிய வியாபாரம் செய்யும் வணிகர்கள் சார்பில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். மாதச் சந்தாவுக்கோ ஆண்டுச் சந்தாவுக்கோ கிளவுட் மென்பொருள் விற்கும் நிறுவனங்களுக்கும், வரித் தளங்களை நடத்தும் அரசு அமைப்புகளுக்கும், எங்கள் சக வணிகர்களுக்கும் இது பொருந்தும்.

கிளவுட் மென்பொருளை நாங்கள் எதிர்க்கவில்லை. கடைக் கம்ப்யூட்டர் பழுதானாலும் கணக்கு பத்திரமாக இருக்கிறது; கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஆடிட்டர் அங்கிருந்தே பார்த்துவிடுகிறார். ஆனால் பில் போடும்போது திரை சுற்றிக்கொண்டே நின்றால் பொறுப்பேற்க ஆள் இல்லை. மென்பொருள் நிறுவனம் ‘சர்வர் நன்றாக இருக்கிறது’ என்கிறது. இணைய நிறுவனம் ‘நெட் வருகிறதே’ என்கிறது. இரண்டு பதிலும் உண்மையாகவே இருக்கலாம். வரிசையில் நிற்கும் வாடிக்கையாளருக்கு அதனால் பயனில்லை.

ஒப்பந்தங்களில் ‘99.9 சதவீதம் இயங்கும்’ என்று எழுதுகிறார்கள். 30 நாள் மாதத்தில் மீதி 0.1 சதவீதம் என்பது சுமார் 43 நிமிடம். அந்த 43 நிமிடம் நள்ளிரவில் போனால் எங்களுக்குத் தெரியவே தெரியாது. தீபாவளிக்கு முந்தைய மாலையில் போனால் அன்றைய வியாபாரமே போச்சு. மேலும், இந்தக் கணக்கில் பெரும்பாலும் முழு முடக்கம்தான் சேரும், தாமதம் சேராது. நூறு பில்லில் 95 பில் ஒரு நொடியில் வந்து, ஐந்து பில் 40 நொடி எடுத்தால், சராசரி மூன்று நொடிக்கும் குறைவு. அறிக்கையில் அது நல்ல எண். அந்த ஐந்தும் கூட்ட நேரத்தில் விழுந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஒரு பில்லுக்குப் பின்னால் பல தளங்கள் இருக்கின்றன. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் இரும்பு, சிமெண்ட் வியாபாரி, மற்றொரு வணிகருக்கு விற்கும்போது 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். அந்த எண் வராமல் லாரி நெடுஞ்சாலை ஏறக் கூடாது. மானிய உரத்துக்கு பிஓஎஸ் கருவியில் ஆதார் போன்ற ஆவணத்தால் விவசாயியின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். இதில் எந்த இடத்தில் சிக்கினாலும் கடைக்காரருக்குத் தெரிவது ஒரே திரைதான். எது சிக்கியது என்று பிரித்துச் சொல்வதே கண்காணிப்பின் முதல் வேலை.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. யுபிஐ-யில் பணம் போகாதபோது, அது தொழில்நுட்பக் கோளாறா, இருப்பின்மை போன்ற வாடிக்கையாளர் பக்கக் காரணமா என்று பிரித்து, வங்கிவாரியாக, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ மாதந்தோறும் வெளியிடுகிறது. தொலைத்தொடர்புச் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் ஒரு மாவட்டத்தில் முடங்கினால் இழப்பீடு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதி வகுத்தது. நுட்பமும் வெளியூர்ச் சரக்கு அல்ல: 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளோடு தொடங்கிய ஸோஹோ, பிற நிறுவனங்களின் தளங்களைக் கண்காணிக்கும் சைட்24x7 சேவையையும் விற்கிறது. அளக்கத் தெரியும். அளந்ததைச் சந்தாதாரருக்குக் காட்டும் வழக்கம்தான் வர வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. டேட்டா சென்டரில் மட்டும் அளந்தால் போதாது. ‘சேமி’ என்று அழுத்தியதிலிருந்து பில் அச்சாகும் வரை ஆகும் நேரத்தைப் பயனரின் கருவியில் அளக்க வேண்டும். சிக்னல் மங்கும் கல்வராயன் மலை ஊர்களின் கடைகளும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

2. சராசரியோடு, நூற்றில் மிக மெதுவான ஐந்து பில்களுக்கு ஆன நேரத்தையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

3. கோளாறு தெரிந்த 15 நிமிடத்துக்குள், எந்தப் பகுதியில் சிக்கல் என்று தமிழில் அறிவிக்க வேண்டும்.

4. ஒப்பந்தத்தில் குறித்த நேரத்தைத் தாண்டும் தாமதத்தையும் முடக்கமாகவே கணக்கிட்டு, சந்தாவில் கழிக்க வேண்டும்.

5. இணைப்பு இல்லாதபோதும் பில் போட்டு, பிறகு தானே பதிவேறும் வசதி எல்லாத் திட்டங்களிலும் இருக்க வேண்டும்.

6. 2025 ஜனவரியில் ஜிஎஸ்டி தளம் முடங்கியபோது, ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதியிலிருந்து 13-ஆம் தேதிக்கு நீட்டிக்கப்பட்டது. இதற்காக ஒவ்வொரு முறையும் முறையிட்டுக் காத்திருக்கக் கூடாது. தளம் முடங்கிய நேரத்துக்கு ஏற்பக் கெடு தானாகவே நீள வேண்டும்.

7. வேகத்தை அளக்கிறோம் என்று சொல்லி வாடிக்கையாளரின் பெயர், போன் எண், எங்கள் கொள்முதல் விலை ஆகியவற்றை எடுக்கக் கூடாது.

இதனால் சந்தா ஏறும் என்பார்கள். நிறுவனங்கள் தங்கள் தேவைக்காக இவற்றில் பலவற்றை ஏற்கெனவே அளக்கின்றன. அதை வெளியிட ஆகும் செலவு சிறிது.

குறை எப்போதும் நிறுவனத்தின் பக்கம்தான் என்றும் நாங்கள் சொல்லவில்லை. சிசிடிவி, பில்லிங், வீட்டு டிவி மூன்றும் ஒரே வைஃபையில் ஓடினால் பில் தாமதமாகத்தான் வரும். எனவே எங்கள் பங்குக்கு, தாமதம் வந்த நேரத்தையும், அப்போது வேறு தளம் திறந்ததா, மொபைல் டேட்டாவில் வேலை செய்ததா என்பதையும் கடையிலேயே குறித்துவைப்போம். மாற்று இணைப்பு ஒன்று வைத்திருப்போம். மாத இறுதியில் கணக்கைத் தரவிறக்கிக்கொள்வோம். ரிட்டர்னைக் கடைசி நாள்வரை தள்ள மாட்டோம்.

அடுத்து சந்தா புதுப்பிக்கும்போது, மேலே சொன்ன எண்களை எழுத்தில் கேட்போம். தரும் நிறுவனத்துக்கே முன்னுரிமை. தராத நிறுவனத்தோடு ஆண்டுச் சந்தா போடாமல் மாதச் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளும்படி எங்கள் சக வணிகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.