துரையை அறிந்தவர் முதலாளியை அறிந்தாரில்லை

மலேசியத் தமிழ் மாணவன் ஒருவனிடம் இரப்பர் மரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மரமே தன் கதையைக் கூறுவதாக நான்கு பக்கம் எழுதிவிடுவான். உளி பட்ட காயத்தையும், வடியும் பாலையும், பாட்டாளியின் கண்ணீரையும் உருக்கமாகச் சொல்வான். அம்மரம் நின்ற மண் யாருக்கு உரியது என்று கேட்டால் விழிப்பான். அவனைக் குறை கூறிப் பயனில்லை. அவனுடைய ஆசிரியரும் அக்கேள்வியைக் கேட்டதில்லை.

தோட்டத் தமிழர் கங்காணியை அறிந்திருந்தனர், கிராணியை அறிந்திருந்தனர், துரையின் கார் வரும் ஓசையைக்கூட அறிந்திருந்தனர். துரைக்கே சம்பளம் கொடுத்த நிறுவனத்தை அறிந்தாரில்லை. தோட்டத் துண்டாடல் வந்து லயங்கள் காலியானபோதுதான் உடைமை என்பதன் பொருள் விளங்கிற்று. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அந்த விழிப்பின் விளைவே. ஆயினும், அவ்விழிப்பு வகுப்பறைக்குள் நுழையவே இல்லை.

கத்ரி நிறுவனத்தின் வரலாறு ஒன்றே போதும். 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை, 1981 செப்டம்பர் 7ஆம் நாள், பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் வாங்கி முடித்தது. காலையில் பால் வெட்டியபோது ஒருவர் கையிலிருந்த தோட்டம், பொழுது சாய்வதற்குள் மற்றொருவர் கைக்கு மாறிவிட்டது. எவரிடம் எத்தனை பங்குகள் உள்ளன, என்ன விலைக்குத் தருவர் என்று முன்னரே ஆராயாதவர்க்கு இது கைகூடியிருக்குமா? அறிந்தவர் வாங்கினர், அறியாதவர் மறுநாளும் பால் வெட்டினர். 2007இல் அந்நிறுவனம் சைம் டார்பியுடன் இணைந்தது. 2024இல் அதன் தோட்டப் பிரிவு எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர்ப் பலகையைப் படிப்பது வேறு. உடைமையாளரை அறிவது வேறு.

“தமிழாசிரியருக்கு வணிக ஆராய்ச்சி எதற்கு? இலக்கணமும் இலக்கியமும் போதாவா?” என்பர் சிலர். தமிழ்ப் பள்ளிகள் பல இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருப்பதற்கு, அவை நிற்கும் நிலம் அரசுக்கு உரியதாக இல்லாமை ஒரு காரணம் அன்றோ? தம் பள்ளி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று அறியாத ஆசிரியர், இலக்கியத்தை எந்தக் கூரையின் கீழ் நடத்துவார்?

இவை யாவும் மறைபொருள்களும் அல்ல. சிறு கட்டணம் செலுத்தினால், ஒரு நிறுவனத்தின் இயக்குநர், பங்குதாரர், செலுத்திய மூலதனம், சொத்தின் மீதுள்ள அடமானம் ஆகியவற்றை மலேசிய நிறுவன ஆணையம் எவருக்கும் தருகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாயின் அதன் ஆண்டறிக்கை இலவசமாகவே கிடைக்கும். அதைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. தலைவரின் உரையும் வண்ணப் படங்களும் முன்பக்கத்தில் இருக்கும். உண்மை பின்பக்கத்தில் இருக்கும். கணக்காய்வாளர் கருத்து, முப்பது பெரிய பங்குதாரர் பெயர்கள், முக்கிய நிலங்களின் பட்டியல் ஆகியவற்றை முதலிற் காண வேண்டும்.

நிறுவனம் தன்னைப் பற்றித் தானே கூறுவதை மட்டும் நம்புவதும் பேதைமை. செம்பனை நிறுவனம் ஒன்று தன் திறமையால் இலாபம் பெருகியது என்று மார்தட்டினால், மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் மாதந்தோறும் வெளியிடும் உற்பத்தி, கையிருப்புக் கணக்குகளையும் எண்ணெய் விலையையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். விலையேற்றத்தால் எல்லாரும் இலாபம் கண்ட ஆண்டில் ஒருவரைப் புகழ என்ன இருக்கிறது?

இவ்வறிவு இல்லாத இடத்தில்தான் மாயத் திட்டங்கள் வேரூன்றுகின்றன. மாதம் பத்து விழுக்காடு தருவதாக ஒருவர் மண்டபத்தில் மாலையுடன் நின்று பேசினால், ஓய்வூதியப் பணத்தை எடுத்து நீட்டுகின்றனர். படித்தவரும் நீட்டுகின்றனர், ஆசிரியரும் நீட்டுகின்றனர். உரிமம் பெறாதவர்களின் எச்சரிக்கைப் பட்டியலைப் பேங்க் நெகாராவும் மூலதனச் சந்தை ஆணையமும் வெளியிட்டு வருகின்றன. அப்பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்காதவர், இழந்த பணத்துக்காக ஐந்து ஆண்டுகள் அலைகின்றனர்.

வரவையும் செலவையும் பின்விளைவையும் எண்ணிப் பார்த்தே செயலில் இறங்க வேண்டும் என்பதற்குத் திருவள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்று தனி அதிகாரமே வகுத்தார். அதன் பத்துக் குறட்பாக்களையும் மனனம் செய்வித்துவிட்டு, தெரிந்துகொள்ளும் வழியை மட்டும் கற்பிக்காமல் விடுவது எவ்வகைக் கல்வி?

ஆசிரியர் பயிற்சியில் இதற்கு இடம் வேண்டும். மேல்நிலை மாணவர் ஆண்டுக்கு ஒரு நிறுவனத்தையேனும் ஆராய்ந்து, அதன் உடைமையாளர் யார், வருவாய் எங்கிருந்து வருகிறது, கடன் எவ்வளவு என்று நல்ல தமிழில் எழுதட்டும். இரப்பர் மரம் தன் கதையை எழுதியது போதும். இனி அம்மரத்துக்கு உரியவர் யார் என்ற கதையைத் தமிழ் மாணவன் எழுதட்டும்.